வெறும் பாத்திரம் அனுப்பாத வீடு

அத்தியாயம் பதினொன்று

மாகிரட்டின் வீட்டில் கோப்பி நின்று ஏழு மாதமாகிறது. முதலிலிருந்தே கூட வருகிறவர்களுக்கு ஏனென்று தெரியும். இடையில் ஏறியவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் தர்ஷனாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. மூன்றாவது தங்கிவிட்டது என்று டொக்டர் சொன்ன அன்று, மாகிரட் நேரே பாலையூற்று லூர்து மாதா கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றாள். பிள்ளை பிறந்து, ஞானஸ்நானம் முடிகிறவரைக்கும் தன் வீட்டில் ஒருவருடைய வாயிலும் கோப்பி படாது என்று நேர்த்தி வைத்தாள். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு நேர்த்தி வைக்கிற ஆளா அவள்!

ஏன் கோப்பி? அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய ஆசை இல்லை. கொட்டையை வாங்கி, குசினியில் தானே வறுத்து, இடித்து, டின்னில் போட்டு வைப்பாள். வறுக்கிற அன்று தெரு ஒழுங்கை முழுக்க மணக்கும். வேண்டாத சாமானை விட்டுக்கொடுத்துவிட்டு மாதாவிடம் பேரப்பிள்ளை கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. மிச்சமிருந்த டின்னை அன்றைக்கே வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு பஸ்மியாவிடம் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எல்லாருக்கும் பால் விடாத தேத்தண்ணி, பிளேன்ரீதான். துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டி பென்சன் எடுத்த அவள் புருசன் ஹெக்டர், அதைக் கசாயம் குடிக்கிற முகத்தோடு குடித்தார். ஆனால் ஒரு நாளும் முறைப்பாடு சொல்லவில்லை. மகளுடைய வயிறு பெருக்கப் பெருக்க மாகிரட்டுக்கு நேர்த்தியில் நம்பிக்கையும் பெருத்தது. இப்போது எட்டாம் மாதம்.

இந்த நிலையில்தான், செவ்வாய்க்கிழமை காலையில் அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருக்க, வாசல் படலையடியில் ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. நப்லா.

நப்லா கிண்ணியா ஊர்ப் பிள்ளை. பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்றுக்காகப் போன மாதம் வீடு வீடாகப் பெரிய வெள்ளைக் கேன்களோடு திரிந்தவள். ஆட்கள் எவ்வளவு கோப்பி குடிக்கிறார்கள் என்பதை வாயைக் கேட்காமல் சலத்தை, அதாவது சிறுநீரை, சோதித்தே கண்டுபிடிக்கலாமா என்று பார்க்கிறார்களாம். வாய் மறக்கும், கூட்டிக் குறைச்சுச் சொல்லும், சலத்துக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. அதற்குக் கோப்பி குடிக்கிறவர்களும் வேண்டும், தொடாதவர்களும் வேண்டும். ஹெக்டர் மார்தட்டிக்கொண்டு தொடாதவர் பக்கம் சேர்ந்தார். ஒரு பகலும் ஓர் இரவும் போகிற சலம் முழுவதையும் கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தார். அதோடு அந்தக் கூத்து முடிந்தது என்றுதான் மாகிரட் நினைத்திருந்தாள்.

"வாங்க பிள்ளை. என்ன இவ்வளவு வெள்ளன?"

நப்லா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு சரியாக வரவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து நீட்டினாள். போன முறை மாகிரட் பயற்றம் பணியாரம் போட்டுக் கொடுத்த பெட்டி. இப்போது அதற்குள் மஸ்கற் இனிப்புத் துண்டுகள் அடுக்கியிருந்தன.

"உம்மா தந்தவ, அன்ரி."

மாகிரட்டுக்கு மனம் குளிர்ந்தது. வளர்ப்பென்றால் இதுதான். அவளுடைய வீட்டிலும் அதுதான் சட்டம். யாருடைய பாத்திரம் வந்தாலும் வெறுமையாகத் திரும்பக் கூடாது. ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்ப வேண்டும். இந்த விசயத்தில் ஹெக்டர் ஒரு தரம் அலட்சியமாக இருந்துவிட்டு, ஒரு கிழமை முழுக்கப் பேச்சு வாங்கியிருக்கிறார்.

"அங்கிளோட தனியா ஒரு விசயம் கதைக்கோணும்," என்றாள் நப்லா.

தனியாவா? மாகிரட்டின் காது இரண்டும் நிமிர்ந்தன. "ஓ, அதுக்கென்ன, இருந்து கதையுங்க," என்று வாயால் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். பைப்பைத் திறந்துவிட்டாள், ஒரு கோப்பையைச் சத்தம் வர வைத்தாள். பிறகு பைப்பைப் பூட்டிவிட்டு, கால் சத்தமில்லாமல் வந்து திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

"அங்கிள், நீங்க கோப்பி குடிக்கிறல்ல எண்டுதானே சொன்னீங்க?"

"ஓம் மிஸ். இந்த வீட்டில ஆரும் குடிக்கிறேல்ல."

"உங்கட கேன்ல கோப்பி இருக்கு அங்கிள்."

மாகிரட் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது... தேத்தண்ணி குடிக்கிறனான். அதில வந்திருக்குமோ?"

"அதில வராது அங்கிள். தேத்தண்ணியிலயும் கஃபீன் இருக்கு, அதனால நாங்க அதைப் பார்க்கிறல்ல. கோப்பிக் கொட்டையை வறுக்கேக்க வேற ஒரு சாமான் உண்டாகுது. அது தேத்தண்ணியில இல்ல. கோப்பி குடிச்ச ஆளுட யூரின்லதான் வரும். உங்கட கேன்ல அது நல்லாவே வந்திருக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "நான் லேபிள மாத்தி ஒட்டிட்டன் எண்டு ஆராய்ச்சி நடத்துற சேர் நினைக்கிறார். போன கிழமையிலயிருந்து என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறாரில்ல. குடிச்சிருந்தா குடிச்சதெண்டு சொல்லுங்க அங்கிள், எனக்கு அது போதும். உங்கட சோதனை முடிவை நான் ஆரிட்டையும் சொல்ல மாட்டன், அது எங்கட சட்டம்."

இல்லவே இல்லை என்று ஹெக்டர் குதிப்பார், கேன்தான் மாறிப்போயிருக்கும் என்று மாகிரட் காத்திருந்தாள். கதிரை ஒரு தரம் கிறீச்சிட்டது.

"ஓம் மிஸ்," என்றார் ஹெக்டர் கடைசியில். "நான்தான் குடிச்சிருப்பன். வெளியில எங்கேயாவது. வீட்டில மட்டும் தெரிய வேணாம்."

படுபாவி மனுசன்! பெத்த மகளுடைய வயிற்றுப் பிள்ளைக்காக வைத்த நேர்த்தி. ஒரு வாய்க் கோப்பிக்கு ஆசைப்பட்டு அதை முறித்துவிட்டாரே. இனி அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால்? அந்த நினைப்பு வந்ததும் அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நப்லா வெளிக்கிடவும், படலையைத் திறந்துகொண்டு தர்ஷனாவும் அவள் புருசன் சுகந்தனும் உள்ளே வரவும் சரியாக இருந்தது. சுகந்தனுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. விடியக் காலையில் வந்ததும், டொக்டர் நடக்கச் சொன்னார் என்று மனைவியை மெல்லமாகக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போய், கொஞ்ச நேரம் இருத்தி, கூட்டி வருவான். இடையில் அவளுக்குக் குடிக்க ஒரு பிளாஸ்க்கில் சுடுதண்ணி கொண்டு போவான்.

"இண்டைக்குக் கடற்கரையில திரியிற மான் ஒண்டு வந்து என்ர சீலையை இழுத்தது அம்மா," என்று மகள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

சுகந்தன் வழக்கம்போல நேரே கிணற்றடிக்குப் போய், பிளாஸ்க்கைக் கழுவி, குசினித் தட்டில் கவிழ்த்து வைத்தான். அவ்வளவு கோபத்திலும் மாகிரட் அதைக் கவனித்தாள். இந்த வீட்டில் தன் பாத்திரத்தைத் தானே கழுவுகிற ஆம்பிளை இவன் ஒருத்தன்தான். இவனைப் பெத்தவளுக்கும் தனக்கும் கதைபேச்சில்லை என்பது வேறு விசயம்.

ஹெக்டரிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. உடனே கேட்டால் மழுப்பிவிடுவார், கையும் களவுமாகப் பிடித்தால்தான் சரி. அவர் குளிக்கப் போன நேரம் கழற்றிப் போட்ட சேர்ட்டை எடுத்து மணந்து பார்த்தாள். வியர்வையும் சவர்க்காரமும்தான் மணந்தன. மத்தியானம் சோறு போடும்போது முகத்தைப் பார்த்தாள். மனுசன் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார், இரண்டாம் தரம் கறி கேட்கவில்லை. குற்றமில்லாத ஆள் மீன்குழம்பை வேண்டாமென்று சொல்லுமா?

எங்கே குடிக்கிறார்? கடையிலா? கடையென்றால் ஊரே கண்டு சொல்லியிருக்கும். அப்படியென்றால் வீடு. யாருடைய வீடு? இந்த வயதில் இவருக்கு ஆர் ஆசையாகக் கோப்பி போட்டுக் கொடுக்கிறது? அந்தக் கேள்வி வந்ததும் மாகிரட்டுக்குத் தன்மேலேயே சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

பின்னேரம் ஹெக்டர் வழக்கமான நடைக்குச் செருப்பைக் கொழுவினார். "நடந்துபோட்டு வாறன்."

"எந்தப் பக்கம்?"

"சும்மா, கடற்கரைப் பக்கம்."

அவர் ஒழுங்கை முனையில் திரும்பியதும் மாகிரட் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சந்தியில் நின்ற ஓட்டோவில் ஏறினாள். "தம்பி, அந்தா போற ஐயாவுக்குப் பின்னால விடும். கிட்டப் போகாதையும்."

ஓட்டோக்காரப் பெடியன் திரும்பி அவளைப் பார்த்தான். "அது உங்கட அவர்தானே அன்ரி?"

"வாயைப் பொத்திக்கொண்டு ஓடும் தம்பி."

ஹெக்டர் கடற்கரைப் பக்கம் திரும்பவில்லை. பொய்! முதல் பொய்! உட்துறைமுக வீதியில் இறங்கி, பழைய இறங்குதுறையைத் தாண்டி, நீலப் படலை போட்ட ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். மாகிரட்டுக்கு அந்த வீடு தெரியும். அலியாருடைய வீடு. ஹெக்டரோடு ஒரே லோஞ்சில் வேலை செய்தவர், அவரும் இப்போது பென்சன்காரர். அவர் மனைவி சுபைதாவின் கைக் கோப்பி பேர்போனது. பிடிபட்டாயா!

அவள் படலையைத் தட்டவில்லை. விறாந்தையில் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கோப்பி மணம் மூக்கைத் துளைத்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த மணம் வந்ததும் அவளுக்கே நாக்கு ஊறியது, அதில் கோபம் இன்னும் ஏறியது. நேரே போய் ஹெக்டரின் கையிலிருந்த கப்பைப் பறித்து மணந்தாள்.

இஞ்சி போட்ட பிளேன்ரீ.

"யா அல்லாஹ்! மாகிரட் தங்கச்சியா?" என்று அலியார் கதிரையை விட்டெழும்பினார். "என்ன புள்ள இப்பிடி வந்து நிக்கிறீங்க? சுபைதா, ஒரு கதிரை கொண்டு வா!"

"கதிரை வேணாம் நானா. இந்த மனுசன் உங்கட வீட்டில எவ்வளவு நாளாக் கோப்பி குடிக்கிறார்? அதை மட்டும் சொல்லுங்க."

ஹெக்டர் வெளிறிப்போனார். காலையில் திரைச்சீலைக்குப் பின்னால் யார் நின்றது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "ஓம் மாகிரட், குடிச்சனான்," என்றார் அவசரமாக. "இஞ்சதான் குடிச்சனான். என்னை ஏசு. வீட்டை போய் வேற ஆரோடயும் கதைக்காத."

"எப்படா குடிச்ச?" அலியார் அவரைத் திரும்பிப் பார்த்தார். "இவனா? தங்கச்சி, நான் குடிக்கேக்க இவன் முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு கப்பலை எண்ணுறான்."

கதிரையோடு வந்த சுபைதாவும் சேர்ந்துகொண்டாள். "ஒரு மிடறு குடிங்க எண்டு நான் கேட்டுக் கேட்டுக் களைச்சிட்டன். நேர்த்தி எண்டா நேர்த்திதான் எண்டு சொல்றார். மாதா மேல சத்தியமாத் தொட மாட்டாராம்."

மாகிரட் கப்பை மேசையில் வைத்தாள். இது என்ன புதினம்? முப்பத்தைந்து வருசமாக இந்த மனுசனை அவளுக்குத் தெரியும். செய்துவிட்டுச் செய்யவில்லை என்று சொல்லுவார், எல்லா ஆம்பிளையும் சொல்லுகிற மாதிரி. செய்யாததைச் செய்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு ஆள் பழியை இழுத்துத் தன் தலையில் போடுகிறதென்றால், அது வேறு யாருடைய தலையிலோ விழாமல் இருக்கத்தானே?

"நீங்க குடிக்கேல்ல," என்றாள் மெதுவாக. "அப்ப அந்தக் கேன்ல கோப்பி எப்பிடி வந்தது?"

"கேனா?" அலியார் பெரிதாகச் சிரித்தார். அவரும் அதே ஆராய்ச்சிக்குக் கேன் கொடுத்தவர், குடிக்கிறவர் பக்கம். "நிரப்பினது பிடிபட்டுட்டா? நான் அண்டைக்கே சொன்னன், அந்தப் புள்ளைகள் கெட்டிக்காரிகள் எண்டு."

ஹெக்டர் கையை ஆட்டி ஆட்டி அவரை நிறுத்தப் பார்த்தார். அலியார் சிரிக்க வெளிக்கிட்டால் புயல் வந்தாலும் நிற்க மாட்டார்.

"என்ன நிரப்பினது நானா?"

"அந்த மிஸ் அவ்வளவு பெரிய கேனைத் தந்திட்டுப் போயிட்டா. இவன்ட கேன்ல கால்வாசியும் இல்ல. பின்னேரம் இஞ்ச வந்து இருந்து கவலைப்படுறான். ஒரு பொம்பிளைப் புள்ள நம்பித் தந்த பாத்திரம், எப்பிடி இப்பிடிக் குறையாத் திருப்பிக் குடுக்கிற, எங்கட வீட்டில அந்தப் பழக்கம் இல்ல, மாகிரட் கண்டா வெட்கக்கேடு எண்டு. கேனை நிரப்பத் தேவையில்ல எண்டு நான் சொன்னன், கேட்டாத்தானே. அப்ப நான் பகிடிக்கு, வீட்டில புள்ளத்தாச்சி மகள் மணிக்கொருக்கா எழும்பிப் போகுது, உனக்கென்னடா பஞ்சம் எண்டு..."

அலியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சுபைதா அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

ஹெக்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "கொஞ்சம் ஊத்தடி எண்டு நான்தான் தர்ஷனாவைக் கேட்டனான்," என்றார். "அவள் விழுந்து விழுந்து சிரிச்சுப்போட்டு ஊத்தினவள். அதில இப்பிடி இருக்குமெண்டு எனக்கு இண்டைக்குக் காலமைதான் தெரியும். அந்த மிஸ் சொன்ன உடனதான்."

அப்படியென்றால் கேனிலிருந்த கோப்பி தர்ஷனாவுடையது. எந்த வயிற்றுக்காக நேர்த்தி வைத்ததோ, அந்த வயிற்றுக்குள்ளேயே கோப்பி போயிருக்கிறது. மாகிரட் சுபைதா கொண்டுவந்த கதிரையில் இருந்தாள்.

"ஒரு கப் கோப்பிதானே புள்ள," என்று சுபைதா அவள் தோளைத் தொட்டாள்.

"உங்களுக்கு விளங்காது ராத்தா," என்றாள் மாகிரட்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரே ஓட்டோவில் ஏறினார்கள். மாகிரட்டின் மனம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயிருந்து வந்தது? வீட்டில் தூள் இல்லை. கடைக்குப் போகிற நிலையில் மகள் இல்லை. யாரோ கொடுத்திருக்கிறார்கள். யாரோ இந்தப் பிள்ளையைக் கெடுத்திருக்கிறார்கள். சந்தியில் இறங்கும்போது அவளுடைய கண்ணுக்குள் ஒரு பிளாஸ்க் வந்து நின்றது. குசினித் தட்டில் கவிழ்த்து வைத்த, ஒரு நாளும் அவளைக் கழுவ விடாத பிளாஸ்க்.

தர்ஷனா முன்விறாந்தையில் காலை முக்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு இருந்தாள். சுகந்தன் உள்ளே வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். தாயும் தகப்பனும் ஒன்றாக ஓட்டோவில் வந்து இறங்குவதைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ விளங்கிவிட்டது. தகப்பன் அவளைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார்.

"அந்தப் பிளாஸ்க்கில சுடுதண்ணியா போறது?" என்று மாகிரட் கேட்டாள்.

"இல்லை அம்மா. கோப்பி."

"எப்பயிருந்து?"

"நாலாம் மாசத்திலயிருந்து. காலமையில ஒரு சின்னக் கப். கிளினிக் டொக்டரைக் கேட்டுத்தான் குடிக்கிறன், ஒண்டு பரவாயில்லை எண்டவர்."

"டொக்டரா நேர்த்தி வச்சது? ஆர் போட்டுத் தாறது?"

"மாமி."

மாமி என்றால் சுகந்தனின் தாய், பாலையூற்றில் இருக்கிற செபமாலை. சுகந்தன் வேலை முடிந்து வருகிற வழியில் தாய் வீட்டுக்குப் போய் அந்தப் பிளாஸ்க்கை வாங்கி வந்திருக்கிறான். மாகிரட்டுக்குத் தலையில் இரத்தம் ஏறியது.

"நினைச்சன்! அந்த மனுசிதான் இருக்கும் எண்டு நினைச்சன். போன முறையும் அவவின்ர வீட்டுக்குப் போய் வந்துதானே..."

"அம்மா."

தர்ஷனா சத்தம் போடவில்லை. காலை மெதுவாக இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தாள்.

"பாருங்க, தொடங்கிட்டீங்க. முதல் பிள்ளை போகேக்க, நான் சைக்கிள் ஓடினதாலதான் எண்டு சொன்னீங்க. ரெண்டாவது போகேக்க, மாமி வீட்டுத் திருநாளுக்கு இவர் என்னை மோட்டார்சைக்கிளில ஏத்திக்கொண்டு போனதாலதான் எண்டு ஆசுப்பத்திரி நடையில வச்சு, அவ்வளவு பேருக்கும் முன்னால மாமியின்ர முகத்துக்கு நேர சொன்னீங்க. அவ அண்டைக்கு எனக்குப் பால்மாவும் பழமும் கொண்டு வந்தவ. அப்பிடியே திரும்பிப் போனா."

"நான் துக்கத்தில சொன்னது..."

"ஓம். துக்கத்திலதான் சொன்னீங்க. எனக்குத் தெரியும். இந்த முறையும் ஏதும் நடந்தா, நீங்க துக்கத்தில ஆரையாவது தேடுவீங்க. இவரை, மாமியை, அப்பாவை. இல்லாட்டி நேர்த்தியில ஆரோ பிழை விட்டிட்டினம் எண்டு வீட்டைப் பிரட்டுவீங்க." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "அதுக்குத்தான் அம்மா. நீங்க தேட வேணாம் எண்டு, ஒரு காரணத்தை நானே எனக்குப் பக்கத்தில வச்சிருந்தனான். நான்தான் கோப்பி குடிச்சனான், என்னாலதான் போனது எண்டு ஒரே சொல்லில முடிச்சிருப்பன். ஆசைக்குத் தொடங்கினதுதான். பிறகு அதுக்காகத்தான் குடிச்சனான்."

சுகந்தன் சேர்ட் பொத்தானைப் பிடித்தபடி வாசலில் நின்றான்.

மாகிரட் குசினிக்குள் போய், அடுப்படியில் நின்று அழுதாள். தன் மகள் இத்தனை மாதமும் வயிற்றில் ஒரு பிள்ளையையும் மனதில் ஒரு பழியையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள், அதுவும் தன் வாய்க்குப் பயந்து. யாருக்காக வைத்த நேர்த்தி, யாரைப் பயமுறுத்தியிருக்கிறது! ஆசுப்பத்திரி நடையில் பால்மாப் பெட்டியோடு திரும்பிப்போன செபமாலையின் முதுகு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்து அவளுக்கு ஒரு திருப்தியும் இருந்தது. அதை நினைக்க இப்போது கூச்சமாக இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது, தட்டில் அந்தப் பிளாஸ்க் கவிழ்ந்து கிடந்தது. சிவப்பு மூடி, அடியில் நசுங்கல். கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு விறாந்தைக்கு வந்தாள்.

"இது ஒவ்வொரு நாளும் எப்பிடித் திரும்பிப் போறது?"

தர்ஷனாவுக்கு விளங்கவில்லை. "எப்பிடியெண்டா? கழுவித்தான் போகும்."

"வெறுமனேயா?"

"ஓம்."

"நாலு மாசமா அந்த மனுசி விடியப்புறம் எழும்பிக் கோப்பி போட்டு நிரப்பி நிரப்பி அனுப்ப, இந்த வீட்டிலயிருந்து வெறும் பாத்திரம் போயிருக்கு?" மாகிரட்டின் குரல் உயர்ந்தது. "அவ என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பா?"

ஹெக்டர் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். ஏசுகிறாளா, இல்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நீங்க என்னப்பா முழிக்கிறீங்க?" என்று அவள் அவரிடம் திரும்பினாள். "அந்த நப்லாப் பிள்ளைக்குப் போனைப் போட்டு நடந்ததைச் சொல்லுங்க. கேனை நிரப்பினது நீங்கதானெண்டு சொல்லுங்க. செய்யாத பிழைக்கு அது அங்க பேச்சு வாங்கிக்கொண்டு நிக்குது. வெட்கமெண்டு பாராதீங்க."

"இப்பவோ?"

"இப்ப."

ஹெக்டர் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். மிஸ்ஸிடம் அந்தக் கதையை எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியாமல், பலாமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

சுகந்தன் தொண்டையைச் செருமினான். "மாமி, எனக்கு நேரமாகுது. பிளாஸ்க்கைத் தந்தீங்கெண்டா..."

"அது இஞ்ச நிக்கட்டும் தம்பி. நாளைக்கு நான் கொண்டுபோறன்."

"எங்க?"

"மாதாட்ட. நேர்த்தி பிழைச்சதுக்கு மன்னிப்புக் கேக்கோணும். மகளில ஒரு பிழையுமில்லை, பிழை என்னிலதான் எண்டும் சொல்லோணும்." அவள் பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள், திரும்ப மூடினாள். "கோயிலுக்குப் போற வழியிலதானே உங்கட அம்மாவின்ர படலை."

தர்ஷனா தாயின் கையை எட்டிப் பிடித்தாள். மாகிரட் விடுவித்துக்கொள்ளவில்லை. செபமாலை படலையைத் திறப்பாளா? திறந்தாலும் முகத்தைப் பார்ப்பாளா? அந்த மனுசிக்கும் ரோசம் இருக்கும்தானே. தானென்றால் திறந்திருக்க மாட்டேன் என்று மாகிரட்டுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

எப்படியிருந்தாலும் வெறுங்கையோடு போக முடியாது. சீனி போடுகிற பாத்திரமுமில்லை இது. வந்தது என்னவோ அதைத்தான் திருப்பி ஊற்ற வேண்டும், அதுவும் தன் கையால் போட்டதாக இருக்க வேண்டும். நேர்த்தி இந்த வீட்டு வாய்களுக்குத்தான். செபமாலையின் வாய்க்கு மாகிரட் ஒரு நேர்த்தியும் வைக்கவில்லை.

அவள் மகளின் கையை மெதுவாக எடுத்து அந்தப் பெரிய வயிற்றின்மேல் வைத்துவிட்டு, பிளாஸ்க்கோடு வேலியடிக்குப் போனாள்.

"பஸ்மியா! பிள்ளை பஸ்மியா! நான் அண்டைக்குத் தந்த கோப்பி டின்னில ஏதும் மிச்சம் கிடக்கோ?"

முற்றத்தில் போனோடு நின்ற ஹெக்டர், "ஹலோ, ஹலோ அங்கிள்" என்று மறுபக்கம் நப்லா கூப்பிடுவதையும் மறந்து, மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.